நரம்பு தன் தசையைச் சேரும் பாதை



மூன்று நாள் அடைகாத்த கோழி முட்டை ஒன்றைத் திறந்து பாருங்கள். உள்ளே இருக்கும் கருவுக்குக் கால் இராது. கால் வரவேண்டிய இடத்தில் ஒரு சிறு மொட்டு புடைத்திருக்கும், அவ்வளவுதான். தொடைத் தசை, கெண்டைத் தசை என்ற பிரிவினை எதுவும் அந்த மொட்டுக்குள் இன்னும் நடக்கவில்லை. ஆனால் அதே நேரத்தில் தண்டுவடத்தின் இயக்க நரம்பணுக்கள் தங்கள் நெடிய இழைகளை, அதாவது ஆக்ஸான்களை, வெளியே நீட்டத் தொடங்கிவிட்டிருக்கும். அவை மொட்டின் அடிவாரத்துக்கு வந்து ஏறத்தாழ ஒரு நாள் காத்து நிற்கின்றன. பிறகு உள்ளே நுழைகின்றன. முட்டை ஒரு வாரத்தைக் கடப்பதற்குள் ஒவ்வொரு தசைக்கும் உரிய நரம்பு உரிய கிளையின் வழியே வந்து சேர்ந்துவிடுகிறது. முழங்காலை மடக்கும் தசைக்குரியது அதை நீட்டும் தசைக்குப் போவது மிக அரிது. கோழியானாலும் மனிதரானாலும் ஓர் அவயவத்தில் ஐம்பதுக்கும் மேற்பட்ட தசைகள் உண்டு. வந்து சேரும் இடம் உருவாவதற்கு முன்பே புறப்பட்டுவிட்ட இழை எப்படிச் சரியான தசையைச் சேர்கிறது? இந்தத் தலைமை உரையை இந்த ஒரு கேள்விக்கே ஒதுக்க விரும்புகிறேன்.

இப்படிக் கேட்பதற்கான உரிமையே எளிதில் கிடைத்ததல்ல. நரம்பு என்பது தண்டுவடத்திலிருந்து புறப்பட்டு வளர்ந்து செல்லும் ஒன்றா, அல்லது கருவில் முன்கூட்டியே இருக்கும் இணைப்பு இழைகள் பின்னர் நரம்பாக மாறுகின்றனவா என்பதில் 19ஆம் நூற்றாண்டின் அறிஞர்கள் இரண்டு அணியாகப் பிரிந்து நின்றார்கள். 1890இல் ஸ்பெயின் நாட்டின் சாந்தியாகோ ராமோன் இ கஹால் கோழிக் கருவின் தண்டுவடத்தில், நீளும் ஆக்ஸானின் நுனியில் ஓர் அகன்ற முனையைக் கண்டு விவரித்தார். இன்று அதை வளர்முனை என்கிறோம். அவர் கண்டது சாயமேற்றிய இறந்த திசுவில். அதன் அசைவை அவர் ஊகித்தார், அந்த ஊகம் சரியாக இருந்தது. 1907இல் ராஸ் ஹாரிசன் தவளைக் கருவிலிருந்து நரம்புத் திசுவின் ஒரு துணுக்கை எடுத்துத் தவளையின் நிணநீர்த் துளியில் தொங்கவிட்டு, இழை உயிரோடு நீள்வதை நுண்ணோக்கியில் நேரே பார்த்தார். பாலமாக அமைய வேறு எந்தத் திசுவும் இல்லாத துளியில் இழை வளர்ந்தது. சர்ச்சை அதோடு தீர்ந்தது. இன்று உலகெங்கும் நடக்கும் திசு வளர்ப்புக்கும் அந்தத் துளியே தொடக்கம்.

வளர்கிறது என்பது சரி. தேர்ந்தெடுக்கிறதா? 1930களில் செல்வாக்குப் பெற்றிருந்த பால் வைஸ் தேவையில்லை என்றார். சாலமாண்டரின் உடலில் கூடுதலாக ஒரு காலை ஒட்டவைத்தால், கையில் அகப்பட்ட நரம்பு எதுவோ அதுவே அதற்குள் போகும். ஆனாலும் அந்தக் கால் பக்கத்துக் காலோடு ஒத்திசைந்தே அசையும். எந்த நரம்பு எந்தத் தசைக்குப் போனாலும் தசை பின்னர் அதைத் தனக்கேற்பப் பழக்கிக்கொள்கிறது என்று அவர் முடிவு கட்டினார். அவரிடமே சிக்காகோவில் ஆய்வு மாணவராக இருந்த ராஜர் ஸ்பெரி எலிகளை எடுத்துக்கொண்டார். பின்னங்காலை மடக்கும் தசைகளையும் நீட்டும் தசைகளையும், பிறகு அவற்றின் நரம்புகளையும், இடம் மாற்றி இணைத்தார். எலி காலைத் தூக்க நினைக்கும்போது கால் கீழே அழுந்தியது. எவ்வளவு நாள் விட்டாலும், எவ்வளவு பழக்கினாலும் எலி அதைத் திருத்திக்கொள்ளவில்லை. நரம்பணுவுக்கு ஓர் அடையாளம் உண்டு, இணைப்பு மாறினாலும் அந்த அடையாளம் மாறுவதில்லை என்ற எண்ணம் அங்கே முளைவிட்டது. கண் நரம்புகளில் அவர் செய்த சோதனைகள் அதை வளர்த்தன. 1963இல் வேதி ஈர்ப்புக் கொள்கையாக அது முழு வடிவம் பெற்றது. குருவின் கருத்தைச் சோதனையால் மறுத்த மாணவர் என்ற வகையிலும் ஸ்பெரி நினைவில் வைக்க வேண்டியவர்.

ஆயினும் ஸ்பெரியின் எலிகள் வளர்ந்த எலிகள். கருவில் இழைகள் முதன்முதலாகப் போகும்போது என்ன நடக்கிறது என்பதை அவை சொல்ல முடியாது. அதைச் சொன்னவர் லின் லாண்ட்மெஸர். இவருடைய சோதனைகளைச் சற்று விரிவாகச் சொல்ல அனுமதி வேண்டுகிறேன். நம் பாடநூல்களில் இவை ஒரு வரியில் கடந்துபோகின்றன. என் மதிப்பீட்டில் இந்தத் துறையின் ஆகச்சிறந்த சோதனை இங்கேதான் இருக்கிறது.

அவர் முதலில் வரைபடம் எழுதினார். ஒவ்வொரு தசையிலும் பெராக்ஸிடேஸ் என்னும் நொதியைச் செலுத்தினால் நரம்பு முனை அதை உறிஞ்சித் தண்டுவடம்வரை பின்னோக்கி எடுத்துச் செல்லும். எந்தத் தசைக்கு எந்த நரம்பணுக்கள் என்பது சாயத்தில் தெரிந்துவிடும். ஒரு தசைக்குரிய நரம்பணுக்கள் தண்டுவடத்தில் எப்போதும் ஒரே இடத்தில் திரளாக இருந்தன. கருவின் மிகத் தொடக்கத்திலும் அந்த ஒழுங்கு இருந்தது. அதாவது நரம்புகள் கண்டபடி எல்லாத் தசைக்கும் போய், பிறகு தவறானவை அழிந்து ஒழுங்கு பிறக்கிறது என்ற விளக்கம் இங்கே செல்லாது. முதல் பயணமே சரியாக நடக்கிறது.

ஆனால் ஐயம் ஒன்று மிச்சமிருந்தது. முன்வரிசையில் நிற்பவை முன்னே இருக்கும் தசைக்கும், பின்வரிசையில் நிற்பவை பின்னே இருக்கும் தசைக்கும் நேராகப் போனாலே இந்த வரைபடம் வந்துவிடும். அதற்கு அடையாளம் எதற்கு? இதைச் சோதிக்க சிந்தியா லான்ஸ்-ஜோன்ஸும் லாண்ட்மெஸரும் இரண்டரை நாள் கருவில், ஆக்ஸான்கள் புறப்படும் முன்பே, தண்டுவடத்தின் சில கண்டங்களை வெட்டியெடுத்து முன்பின்னாகத் திருப்பி வைத்தார்கள். 1980இலும் 1981இலும் வெளிவந்த முடிவுகள் தெளிவானவை. இடம் மாறிய நரம்பணுக்கள் புதிய இடத்திலிருந்து தவறான முதுகு நரம்பு வழியே வெளியேறின. காலின் அடிவாரத்தில் நரம்புகள் கூடும் பின்னலுக்குள் வந்ததும் ஒன்றையொன்று தாண்டிக் குறுக்கே சென்று, தங்கள் பழைய தசைக்கே போய்ச் சேர்ந்தன. இழை புறப்படும் முன்பே அந்த அணுவுக்குத் தான் யார் என்பது முடிவாகிவிட்டிருக்கிறது.

இதே சோதனையின் இரண்டாம் பாதியும் அதே அளவு முக்கியமானது. திருப்பிய பகுதி மிகப் பெரிதாக இருந்து, நரம்பணுக்கள் தங்கள் இடத்திலிருந்து வெகுதூரம் விலகிவிட்டால் அவை வழி தவறின. கிடைத்த தசையோடு நின்றுவிட்டன. ஆகவே தசை வெகுதொலைவிலிருந்து தன் நரம்பைக் கூவி அழைப்பதில்லை. வழியில் சில இடங்கள் இருக்கின்றன. அந்த இடத்துக்கு வந்து சேர்ந்த இழைக்கே அங்கிருக்கும் குறிப்புப் பொருள்படும். அசலூரில் உறவினர் வீட்டைத் தேடிப் போகிறவர் ஒவ்வொரு முச்சந்தியிலும் நின்று விசாரித்துப் போவதைப் போன்றது இது. அந்த ஊருக்கே வராதவருக்கு முச்சந்தியில் சொல்லும் விடை உதவாது.

நரம்பு முச்சந்தியில் நிற்பதைக் கண்ணாரக் காட்டியது ஸீப்ரா மீன். கங்கைச் சமவெளியின் ஓடைகளிலும் வயல்களிலும் வாழும் இந்தச் சிறு மீனின் கரு கண்ணாடிபோல் உள்ளே தெரியும். அதன் உடலின் ஒவ்வொரு கண்டத்திலும், ஒவ்வொரு பக்கத்திலும், முதல்நிலை இயக்க நரம்பணுக்கள் மூன்றே மூன்று. 1986இல் ஜூடித் ஐஸனும் அவருடைய சகாக்களும் அந்த மூன்றையும் உயிருள்ள கருவில் பின்தொடர்ந்தார்கள். மூன்றும் ஒரே வாயிலில் வெளியேறி, ஒரே பாதையில் சென்று, தசைக் கண்டத்தின் நடுத் தடுப்பில் நின்றன. அங்கிருந்து ஒன்று வயிற்றுப் பக்கமும், ஒன்று முதுகுப் பக்கமும், ஒன்று நடுவிலும் பிரிந்து சென்றன. கோழியின் பின்னலில் ஆயிரக்கணக்கான இழைகளுக்குள் மறைந்து நடக்கும் நிகழ்ச்சி இங்கே மூன்று இழைகளில் அப்பட்டமாக நடக்கிறது.

இனி அந்த விசாரணையின் மூலக்கூறுகள். நாளைய அமர்வுகளில் இவை விரிவாக வரவிருப்பதால் நான் சுருக்கமாகவே தொடுகிறேன். தண்டுவடத்தின் நெடுக்கில் எந்தக் கண்டம் எது என்பதை ஹாக்ஸ் மரபணுக்கள் எழுதுகின்றன. கையின் நிலையில் ஹாக்ஸ்6, மார்பில் ஹாக்ஸ்9, காலின் நிலையில் ஹாக்ஸ்10. ஜெரமி டேஸனும் தாமஸ் ஜெஸலும் 2005இல், இந்த ஹாக்ஸ் புரதங்களின் கூட்டுச் சேர்க்கையே எந்தத் திரள் எந்தத் தசைக்குரியது என்பதையும் முடிவு செய்கிறது என்று காட்டினார்கள். அவற்றோடு துணை நிற்பது ஃபாக்ஸ்பி1 என்ற புரதம். இதே ஏற்பாடு திருக்கை இனத்தைச் சேர்ந்த ஸ்கேட் மீனின் துடுப்பு நரம்பணுக்களிலும் இருப்பதை 2018இல் கண்டார்கள். நிலத்தில் கால் ஊன்றிய முதல் முதுகெலும்பிக்கு நீண்ட காலம் முன்பே, கடலின் தரையில், நடப்பதற்கான இணைப்பு வகுக்கப்பட்டிருந்தது என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்பு அடங்குவதில்லை.

காலுக்குள் நுழையும் இழைக்கு முதல் பெரிய தேர்வு, மேற்புறமா கீழ்ப்புறமா என்பது. மேற்புறம் போகவேண்டிய நரம்பணுக்களில் லிம்1 என்ற புரதம் இருக்கிறது. அது எஃப்ஏ4 என்ற ஏற்பியை மிகுதியாக உண்டாக்குகிறது. மொட்டின் கீழ்ப்புறத் திசுவில் எஃப்ரின்-ஏ புரதங்கள் இருக்கின்றன. எஃப்ஏ4 உள்ள வளர்முனை அதைத் தொட்டால் சுருங்கி விலகி மேற்புறம் செல்லும். செமாஃபோரின்கள் என்னும் புரதங்கள் நுழைவின் நேரத்தைக் காக்கின்றன. செமாஃபோரின் 3ஏவின் கட்டளையைக் கேட்கும் ஏற்பியைச் சிதைத்தால் இழைகள் காத்திராமல் முன்கூட்டியே மொட்டுக்குள் நுழைந்துவிடுகின்றன.

இந்த இடத்தில் நான் சற்று அழுத்திச் சொல்ல விரும்பும் உண்மை ஒன்று உண்டு. 2000இல் ஆர்ட்டர் கானியாவும் சகாக்களும் எலியில் லிம்1 மரபணுவை நீக்கியபோது இழைகள் வளராமல் நின்றுவிடவில்லை. அவை வழக்கம்போல் வளர்ந்தன, காலுக்குள் புகுந்தன; ஆனால் மேலும் கீழும் ஏறக்குறைய சரிபாதியாகப் பிரிந்து போயின. நரம்பில் கைவைக்காமல் கால் மொட்டின் மேற்புற அடையாளமான எல்எம்எக்ஸ்1பி மரபணுவை நீக்கினாலும் விளைவு இதுவே. 2008இல் ஃபாக்ஸ்பி1ஐ நீக்கிய இரண்டு ஆய்வுக் குழுக்களும் இதையொத்ததையே கண்டன: நரம்பு காலுக்குப் போகிறது, தசையைத் தேர்வதில்லை. வளர்வதற்கான இயந்திரம் வேறு, தேர்வதற்கான இயந்திரம் வேறு. ஒன்று கெட்டாலும் மற்றொன்று ஓடிக்கொண்டிருக்கும். என் உரையின் மையம் இதுவே. மருத்துவத்தைப் பற்றிப் பேசும்போது இதற்கு மீண்டும் வருவேன்.

நரம்பு முழு அறிவோடு புறப்படுகிறது என்றும் எண்ணிவிடலாகாது. எலியின் தோலுக்கடியில் படர்ந்திருக்கும் ஒரு தசைக்குரிய நரம்பணுக்கள், வழியில் ஜிடிஎன்எஃப் என்னும் புரதத்தைச் சந்தித்த பிறகே பிஇஏ3 என்ற மரபணுவை இயக்குகின்றன. அது இயங்கினால்தான் அவை தண்டுவடத்தில் உரிய இடத்தில் அமர்கின்றன, தசைக்குள் கிளைவிடுகின்றன. போகும் இடத்திலிருந்து வரும் செய்தி, புறப்பட்ட அணுவின் இயல்பையே முழுமையாக்குகிறது. தசையோடு தொடர்பு ஏற்படும் முன்பே இந்த நரம்பணுக்கள் தாமாகவே சிறு சிறு மின் அலைகளாகத் துடிக்கவும் செய்கின்றன. 2004இல் மார்ட்டின் ஹான்சனும் லாண்ட்மெஸரும் கோழிக் கருவில் மருந்தால் அந்தத் துடிப்பின் வேகத்தைக் குறைத்தபோது மேல்–கீழ் தேர்வு பிழைத்தது. மரபணுவின் கட்டளையும் அணுவின் துடிப்பும் தனித்தனி அத்தியாயங்கள் என்று மாணவர்களுக்குக் கற்பிப்பதை நாம் இனியாவது நிறுத்த வேண்டும்.

சரியான தசையைச் சேர்ந்த பிறகும் நரம்பணுவின் கதை முடிவதில்லை. அதற்கு விக்டர் ஹாம்பர்கரிடம் போக வேண்டும். அவர் ஃபிரைபர்க்கில் கருவியல் அறிஞர் ஹான்ஸ் ஸ்பேமனின் மாணவர். 1932இல் சிக்காகோ சென்றிருந்தபோது, யூதர் என்பதால் அடுத்த ஆண்டே ஜெர்மனியில் அவருடைய பணி பறிக்கப்பட்டது. 1934இல் அவர், கோழிக் கருவின் இறக்கை மொட்டை அகற்றினால் அந்தப் பக்கத்துத் தண்டுவடத்தில் இயக்க நரம்பணுக்கள் குறைந்துபோகின்றன என்று எழுதினார். அந்தக் கட்டுரையை இத்தாலியில் ரீட்டா லேவி-மோன்டால்சினி படித்தார். முசோலினி அரசின் இனச் சட்டங்களால் பல்கலைக்கழகத்திலிருந்து வெளியேற்றப்பட்ட அவர், டூரினில் தம் வீட்டுப் படுக்கையறையையே ஆய்வகமாக்கிக் கோழி முட்டைகளில் அந்தச் சோதனையைத் திரும்பச் செய்தார். நரம்பணுக்கள் உருவாகாமல் போகவில்லை, உருவான பின் ஆதரவின்றி மடிகின்றன என்பது அவர் கண்டது. போர் முடிந்தபின் ஹாம்பர்கர் அவரைச் செயின்ட் லூயிஸுக்கு அழைத்தார். அங்கே பிறந்ததே நரம்பு வளர்ச்சிக் காரணியின் கதையும், 1986ஆம் ஆண்டின் நோபல் பரிசும். அந்தக் காரணி உணர்வு நரம்புகளையும் பரிவு நரம்புகளையும் காக்கிறது. இயக்க நரம்பணுக்களைக் காப்பதில்லை. அவற்றைக் காக்கும் ஜிடிஎன்எஃப் போன்றவை பின்னர் கண்டறியப்பட்டன.

ஒன்றும் வெட்டியெடுக்காத இயல்பான கருவிலும் இந்தச் சாவு நடக்கிறது. கோழியின் காலுக்குரிய இயக்க நரம்பணுக்களில் ஏறத்தாழ 40 விழுக்காடு சில நாட்களுக்குள் மடிந்துபோவதை 1975இல் ஹாம்பர்கரே எண்ணிக் காட்டினார். சில ஆண்டுகளில் ராண்டல் பிட்மனும் ரொனால்ட் ஓப்பன்ஹைமும் கியூரேர் கொடுத்துத் தசையை அசையாமல் செய்தபோது, மடியவேண்டியவை மடியாமல் பிழைத்திருந்தன. பிறப்புக்குப் பின் இன்னொரு களையெடுப்பு உண்டு. பிறந்த எலிக்குட்டியின் ஒரு தசை நாரில் பல ஆக்ஸான்கள் வந்து அமர்ந்திருக்கும்; ஏறக்குறைய இரண்டு வாரத்தில் அவை விலகி ஒன்றே ஒன்று மிஞ்சும். தசையும் அதுவரை சும்மா இருப்பதில்லை. நரம்பு தொடும் முன்பே தன் நடுப்பகுதியில் அசிட்டைல்கோலின் ஏற்பிகளைத் திரட்டி வைத்துவிடுகிறது.

மருத்துவ நண்பர்களே, இவை முட்டைக்குள்ளும் எலிக்குள்ளும் மட்டும் நடப்பவை அல்ல என்பது உங்களுக்குத் தெரியும். தாடை அசையும்போதெல்லாம் ஒரு கண்ணிமை மேலே துள்ளுவதை 1883இல் மார்கஸ் கன் விவரித்தார். தாடைத் தசைக்குப் போகவேண்டிய இழைகளில் சில இமையைத் தூக்கும் தசைக்குப் போய்விட்டன. டுவேன் நோய்க்குறியில் கண்ணை வெளிப்புறம் திருப்பும் தசைக்கு ஆறாம் மண்டை நரம்பு வந்து சேருவதில்லை. மூன்றாம் நரம்பின் கிளை ஒன்று அந்த இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. குடும்பங்களில் தொடர்ந்து வரும் டுவேன் சிலவற்றுக்கு, வளர்முனைக்குள் செய்தியைக் கடத்தும் கைமெரின் புரதத்தின் மரபணுவில் உள்ள பிழையே காரணம் என்று 2008இல் தெரியவந்தது. கரு காலத்து வழிதவறல் ஒரு குழந்தையின் பார்வையில் வாழ்நாள் முழுதும் தெரிகிறது.

அறுந்த நரம்பைத் தைப்பவர் எதிர்கொள்வதும் இதே கேள்விதான். பெரியவர்களில் வெட்டுண்ட ஆக்ஸான் நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் வளர்கிறது. அக்குளுக்கு மேலே அறுந்தால் விரல்வரை வர இரண்டு ஆண்டு ஆகும். அதற்குள் கைத்தசைகள் பெரும்பாலும் மீட்க முடியாதபடி சூம்பிவிடும். அதனால் வேகமாக வளரச் செய்வது எப்படி என்பதிலேயே நம் கவனம் முழுதும் குவிந்தது. ஆனால் முகவாதத்திலிருந்து மீண்டவரைப் பாருங்கள். சிரிக்கும்போது கண் தானாக மூடிக்கொள்கிறது. பிரசவத்தில் தோள் நரம்புகள் காயப்பட்ட குழந்தை வளரும்போது முழங்கையை மடக்கும் தசையும் நீட்டும் தசையும் ஒருசேர இறுகிக் கை அசைய மறுக்கிறது. இங்கெல்லாம் நரம்பு வளர்ந்துதான் இருக்கிறது, தேர்வதுதான் நடக்கவில்லை. லிம்1 இழந்த எலிக் கருவும் இந்தக் குழந்தையின் கையும் ஒரே பாடத்தைச் சொல்கின்றன. தேர்வு அடியோடு அற்றுப்போய்விடவில்லை என்பதற்கும் சான்று உண்டு: எலியின் தொடை நரம்பில் தாமஸ் பிரஷர்ட் 1988இல் காட்டியபடி, மீண்டும் வளரும் இயக்க இழைகள் தோல் கிளையைவிடத் தசைக் கிளையையே நாடுகின்றன. ஆனால் எந்தத் தசை என்பதில் அந்த நாட்டம் உதவுவதில்லை.

இணைப்பை மாற்றாமலே கையை மீட்டெடுத்த ஒரு வரலாறு நம் மண்ணிலேயே இருக்கிறது. 1940களின் பிற்பகுதியில் வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரியில் பால் பிராண்ட், தொழுநோயால் விரல்கள் மடங்கிப்போனவர்களுக்கு நலமாயிருக்கும் தசையின் தசைநாணை இடம் மாற்றிப் பொருத்தினார். நரம்பைத் தொடவில்லை; பழைய நரம்பணு பழைய தசையையே ஆண்டது, தசைக்கு மட்டும் புதிய வேலை. ஸ்பெரியின் எலிகள் கற்க முடியாததை இந்த மனிதர்கள் பயிற்சியில் கற்றுக்கொண்டார்கள். உழவுக்கும் தச்சுக்கும் திரும்பினார்கள். கற்கும் ஆற்றல் மூளையில் இருக்கிறது. இயக்க நரம்பணுவுக்கும் தசைக்கும் இடையிலான பிணைப்பு கருவில் எழுதியபடியே நிற்கிறது. எங்கே இணைப்பைச் சரிசெய்ய வேண்டும், எங்கே மூளையின் கற்றலை நம்பலாம் என்பதை அறுவை மருத்துவரும் கரு ஆய்வாளரும் ஒரே மேசையில் அமர்ந்து பேசினால்தான் பிரித்தறிய முடியும். இந்தக் கருத்தரங்கில் இருவரையும் தனித்தனி அறைகளில் உட்காரவைக்க வேண்டாம் என்று அமைப்பாளர்களிடம் கேட்டுக்கொண்டேன்; அவர்கள் இசைந்தார்கள், அதற்கு என் நன்றி.

இளம் ஆய்வாளர்களிடம் ஒரு வேண்டுகோள். மரபணு வரிசைப்படுத்தும் கருவி இல்லை, அதனால் இந்தத் துறையில் எங்களுக்கு இடமில்லை என்று கல்லூரி ஆய்வகங்களில் சொல்லக் கேட்கிறேன். பொரிக்கும் முட்டையும், ஒரு இன்குபேட்டரும், நல்ல இடுக்கியும், ஓட்டில் வெட்டிய சன்னலை மூட ஒரு டேப்பும் இருந்தால் இரண்டரை நாள் கருவைத் தொட முடியும். தண்டுவடத்தைத் திருப்பும் கைத்திறன் பொறுமையாகப் பழகினால் வரும். மூலக்கூறுகளின் பட்டியல் ஆண்டுதோறும் நீள்கிறது. எந்த இழை எந்த முச்சந்தியில் எவ்வளவு நேரம் நின்றது என்று பார்த்துச் சொல்பவர்கள் குறைந்துவருகிறார்கள். உங்கள் கட்டுரைகளில் கருவின் வயதை நாளாக மட்டும் குறிக்காமல், கருவின் வடிவத்தைக் கொண்டு வகுத்த ஹாம்பர்கர்–ஹாமில்டன் நிலையாகக் குறியுங்கள். வழிதவறிய இழைகளை விலக்கிவிடாமல் அவை எங்கே தவறின என்றும் எழுதுங்கள். முகவாதத்துக்குப் பின் தசைகள் சேர்ந்தியங்கும் நோயாளிகளின் பதிவுகளை மருத்துவர்களும் இன்று பிற்பகல் அமர்வுக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள். அவற்றைக் கருவின் வரைபடத்தோடு பக்கத்தில் வைத்துப் பார்ப்போம்.

முதல் அமர்வு காலின் அடிவாரப் பின்னலில் இழைகள் காத்திருக்கும் அந்த ஒரு நாளைப் பற்றியது. கட்டுரையாளரை மேடைக்கு அழைத்து, இக்கருத்தரங்கைத் தொடங்கிவைக்கிறேன்.